பொன்னாயி கேட்காத ஒரு கேள்வி

பொன்னாயிக்கு வாய் நீளம். கருநெல்லியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகும் பஸ் ஒரு வளைவில் திரும்பும். அங்கே இறங்கி மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால் ஊர் வந்துவிடும். அந்த வளைவில் பஸ் நிற்பதே பொன்னாயியின் வாயால்தான். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனதிலிருந்து ஒரு டிரைவர், பொம்பளைகள் கைகாட்டினால் பார்க்காத மாதிரி போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் பொன்னாயி தன் கிழங்கு மூட்டையை நடுரோட்டில் உருட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"மேல ஏத்திக்கினு போய்யா, பாக்கலாம். ஓசி டிக்கெட்டுன்னா நாங்க இன்னா மனுசாளுங்க இல்லியா? ஒங்கப்பன் வூட்டு பஸ்ஸா இது?"

பஸ்ஸுக்குள் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நின்றார்.

ரேஷன் கடையில் தராசு முள் ஆடி அடங்கும் வரைக்கும் பையை எடுக்காதவள் அவள். புருஷன் பெரியண்ணன் கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போய், பொங்கலுக்கும் சாமை அறுப்புக்கும் மட்டும் வருகிறவர். வந்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அதனால் அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுவாள். யாரிடமும் எதையும் கேட்பாள். பஞ்சாயத்தில் நின்று பேசுவதற்கு ஆண்களே கூச்சப்படுகிற விஷயத்தைக்கூட இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டுவிடுவாள்.

அப்படிப்பட்டவள் தன் வயிற்றில் பிறந்த மகளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் மழைக்காலம் முழுக்கத் தவித்தாள். கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்கவில்லை. அதுதான் கதை.

மகள் பெயர் சிவரஞ்சனி. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போன பிறகு தங்கின ஒன்று. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு. அம்மாவின் தொண்டை அப்படியே அவளுக்கு. அவள் சிரித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவன் திரும்பிப் பார்ப்பான். கபடியில் பாட்டு விடாமல் பாடிக்கொண்டே போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வருவாள். "பொண்ணா அது, ரேடியோ பெட்டி" என்று பெரியண்ணன்கூட ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னார்.

ஆவணி மாதத்தில் அந்த ரேடியோ கம்மிப் போனது. முதலில் தூக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாயில் விழுவாள். காலையில் எழுப்பினால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி "ம்..." என்பாள். பொன்னாயி எல்லா அம்மாக்களையும் போல செல்போனைத்தான் முதலில் திட்டினாள். போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். தூக்கம் குறையவில்லை.

பிறகு குளிர். மத்தியான வெயிலில் எல்லாரும் விசிறிக்கொண்டிருக்கும்போது இவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு குந்தியிருப்பாள். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே பை கட்டியது. சீப்பில் கொத்துக் கொத்தாய் முடி. குரல் கரகரத்து ஆம்பிளைக் குரல் மாதிரி ஆகிவிட்டது. கபடியை விட்டுவிட்டாள். ஒரு பிடி சோறுதான் தின்றாள், ஆனால் உடம்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. முக்கியமாக வயிறு. பள்ளிக்கூடச் சுடிதாரின் பக்கத்தையலைப் பிரித்துவிடும்போது பொன்னாயியின் கை நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பெண் போன மாதமும் வீட்டுக்குத் தூரமாகவில்லை, அதற்கு முந்தின மாதமும் ஆகவில்லை.

கருநெல்லியில் இதை மறைக்க முடியாது. வீட்டுக்குத் தூரமான பெண்கள் அந்த மூன்று நாளும் வீட்டுப் படி ஏறக்கூடாது. ஊருக்குக் கீழே ஓடையோரத்தில் மண்சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டாய் இருக்கிறது, தூரக்கொட்டாய். அங்கேதான் படுக்கை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அங்கிருந்தே போய் அங்கேயே திரும்ப வேண்டும். சோறு கொண்டுபோகிறவர்கள் வாசலில் கிடக்கும் பலகைக் கல்லில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். உள்ளே இருப்பவளைத் தொட்டால் தொட்டவளும் தூரம், அன்று ராத்திரி அவளுக்கும் அங்கேதான் படுக்கை. இந்த வழக்கத்தை மெச்சுகிற ஆள் நான் இல்லை. மழையில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு ராத்திரி படுத்தால் யாரும் மெச்ச மாட்டார்கள். அதற்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. எந்த வீட்டுப் பெண் எந்த மாதம் வந்தாள், எந்த மாதம் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

தங்கமணிக்குத் தெரியாமல் போகுமா? தங்கமணி பெரியண்ணனின் அக்கா, பொன்னாயிக்கு நாத்தனார். அடுத்த வீடு. தன் மகன் அருளுக்கு சிவரஞ்சனிதான் என்று அவள் பிறந்த அன்றே சொல்லிவைத்தவள். அந்த உரிமையில் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"இன்னா பொன்னாயி, ஒம்பொண்ண கொட்டாயில காணவே காணோம்?"

கேட்டது சாதாரணமாகத்தான். பொன்னாயியின் காதில் அப்படி விழவில்லை. ஆனி மாதத்தில் வெள்ளிமலையில் செல்போன் கடைக்காரப் பையன் செழியனிடம் சிவரஞ்சனி சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்தச் சிரிப்பையும் இந்த வயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டது அவள் மனசு.  ஆனாலும் வாய் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"நாளு தள்ளிப் போச்சு அண்ணி. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. வருவா."

அன்று சாயங்காலம் மகளிடம் போர்வையையும் ஒரு சொம்பையும் கொடுத்தாள்.

"கொட்டாய்க்குப் போய் மூணு நாளு இருந்துட்டு வா."

சிவரஞ்சனி வீங்கின கண்ணைத் திறந்து பார்த்தாள். "எனக்குத்தான் ஆவலியேம்மா."

"சொன்னதச் செய். யாராவது கேட்டா ஆயிட்டேன்னு சொல்லு. என்னை ஒண்ணும் கேக்காத."

மகள் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்டு, அவள் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் என்ன செய்வது என்று பொன்னாயிக்குத் தெரியவில்லை. கேட்காமல் இருக்கும் வரைக்கும் அது நடக்காத மாதிரி இருந்தது. பயம் வந்தால் பேசுகிறவர்களும் அப்படித்தான் ஊமையாகிவிடுகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மாதாமாதம் இந்தக் கூத்து நடந்தது. மற்ற பெண்கள் வந்து போகும் நாட்களைப் பார்த்து, சந்தேகம் வராத மாதிரி ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து மகளை அனுப்புவாள் பொன்னாயி. வெயிலிலேயே நடுங்குகிற பெண் மலைக்குளிரில் ஈர மண்ணில் படுத்துக் கிடந்தாள். பொன்னாயி வீட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று பெரியண்ணனுக்குப் போன் போடுவாள். அவர் "எல்லாம் சவுரியமா?" என்பார். "சவுரியம்தான்" என்பாள். கரியராமர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். என்ன நேர்ந்துகொண்டாள் என்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. மகளுக்கு ரத்தம் வரட்டும் என்று எந்தத் தாய் வேண்டுவாள்? இவள் வேண்டினாள்.

நடுவில் ஒரு தரம் மலையிலிருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். பள்ளிக்கூடத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள் என்று டீச்சர் சொல்லியனுப்பியதால் போக வேண்டியதாயிற்று. போன நேரம், பிரஷர் மாத்திரை வாங்க வந்த தங்கமணி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸம்மா நல்ல மாதிரி. சோர்வு, தூக்கம், முடி கொட்டுவது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கேட்டார். "மாசாமாசம் சரியா ஆவுதா?"

சிவரஞ்சனி அம்மாவைப் பார்த்தாள். தங்கமணி இந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"அதெல்லாம் டாண்ணு ஆயிடுது சிஸ்டர்," என்றாள் பொன்னாயி. "கொஞ்சம் ஜாஸ்தியாவே போவுது."

"அதான் ரத்தம் கம்மியா இருக்குது" என்று நர்ஸம்மா இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, கீரை தின்னச் சொல்லி அனுப்பினார். சரியாகாவிட்டால் கீழே கள்ளக்குறிச்சிக்குப் போய்க் காட்டச் சொன்னார். அவர் மேல் என்ன தப்பு? சொன்னதை வைத்துத்தான் அவர் வைத்தியம் பார்க்க முடியும். மாத்திரை தின்றதில் வயிறு இன்னும் கட்டிக்கொண்டு உப்பியதுதான் மிச்சம். அந்த உப்பலைப் பார்த்துப் பார்த்து பொன்னாயி இன்னும் ஒடிந்து போனாள்.

தை மாதம் பொங்கல் முடிந்து பெரியண்ணன் கேரளாவுக்குத் திரும்பிப் போனார். "பொண்ணுக்கு மொகம் ஒரு மாதிரி இருக்குதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதமும் சிவரஞ்சனியைக் கொட்டாய்க்கு அனுப்பினாள் பொன்னாயி. அவள் போகும்போது ஒரு கையால் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

இரண்டாம் நாள் காலை. பனி விலகவில்லை. பொன்னாயி காப்பியைக் கொண்டுபோய்ப் பலகைக் கல்லில் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லை. உள்ளே இன்னொருத்தி இருந்தாள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த சின்னப் பெண்.

"நானும் எழுப்பிக்கினேதான் கீறேன் அக்கா," என்றாள் அவள். "ஒடம்பு சில்லுனு கெடக்குது. கண்ணத் தொறக்குறா, திரும்ப மூடிக்கிறா."

பொன்னாயி வாசலில் நின்று கத்தினாள். "ஏ ரஞ்சனி! எழுந்திருடி! ரஞ்சனீ!"

அந்தக் கத்தலுக்கு ஊரே எழுந்துவிட்டது. தங்கமணி ஓடிவந்து பின்னால் நின்றாள். உள்ளே சிவரஞ்சனி சுவரைப் பிடித்து எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். கால் மடங்கி, வெந்நீர் வைக்கிற அடுப்புக் கல்லின் மேல் முகம் குப்புற விழுந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

பொன்னாயியின் கை நீண்டது. பாதியில் நின்றது. தொட்டால் தூரம். தங்கமணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிஜமாகவே தூரமான பெண் என்றால் எந்தத் தாயும் ஒரு நொடியாவது யோசிப்பாள்தானே? யோசிக்காமல் பாய்ந்து தூக்கினால் பொய் அம்பலமாகிவிடுமோ? பெற்ற பெண் ரத்தத்தில் கிடக்கும்போது இவள் நாடகத்தின் அடுத்த காட்சியை யோசித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் உள்ளே இருந்த அந்தச் சின்னப் பெண் சிவரஞ்சனியைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். சிவரஞ்சனி கண்ணைத் திறந்து, பாதியில் நிற்கிற அம்மாவின் கையைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை பொன்னாயி சாகும் வரை மறக்கமாட்டாள்.

ஜீப் பிடித்துக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். ஜீப்புக்குச் சொன்னது, முதலில் ஏறிக்கொண்டது எல்லாம் தங்கமணிதான். தங்கமணி கெட்டவள் இல்லை, கண் மட்டும்தான் கொஞ்சம் கூர்மை. "ஆஸ்பத்திரிக்குப் போவுற நேரத்துல தூரமாவது பக்கமாவது" என்று அவளே சிவரஞ்சனியின் நெற்றியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பொன்னாயி பக்கத்தில் வெறும் கையோடு உட்கார்ந்து வந்தாள்.

நெற்றியில் தையல் போட்ட பிறகு ஒரு டாக்டரம்மா வந்தார். கண்ணாடி போட்ட, சிடுசிடுப்பான அம்மா. காயத்தைப் பார்க்க வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசச் சொன்னார். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாடி பிடித்தார். முட்டியைத் தட்டினார். எச்சில் விழுங்கச் சொல்லி, விரலால் தொண்டைக்குக் கீழே தடவிப் பார்த்தார். அங்கே லேசாக ஒரு வீக்கம் இருப்பதை அன்றைக்குத்தான் பொன்னாயியும் பார்த்தாள்.

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"வருதுங்க மேடம். இப்பக்கூட அதுலதான் இருக்கா," என்றாள் பொன்னாயி. தங்கமணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கள கேக்கல. நீ சொல்லும்மா."

சிவரஞ்சனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா சொல்றது கரெக்டுதான் மேடம்."

நெற்றியில் தையலோடு, அந்தக் குரலோடு, அம்மாவைக் காப்பாற்றுவதற்காக அவள் பொய் சொன்னாள். பொன்னாயிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இத்தனை மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது உடைந்தது.

"பொய்யிங்க!" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. "பொய்யிங்க மேடம். ஆவணிலேர்ந்தே ஒண்ணும் ஆவல. நான்தான் ஆவுதுன்னு சொல்லச் சொன்னேன். ஊரு பாக்கணும்னு நான்தான் அவளக் கொட்டாயில கொண்டாந்து போட்டேன். எம்பொண்ணு வாயில பொய்ய வச்சதே நான்தான்."

தங்கமணி சுவரை விட்டு நகரவில்லை. டாக்டரம்மா இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார்.

வெளியே நீளமான பெஞ்சு. இந்தக் கோடியில் பொன்னாயி, அந்தக் கோடியில் தங்கமணி. தங்கமணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எனக்குப் பயந்துக்கினா இத்தினியும் செஞ்ச?"

பொன்னாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கேட்டனே தவிர ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்த சொன்னனா? அந்தப் புள்ளய நானும்தாண்டி தூக்கி வளத்தேன்." அவள் எழுந்து போய் டீ வாங்கி வந்தாள். ஒன்றைப் பொன்னாயி பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பத் தன் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது பொன்னாயி எழுந்து நின்றாள். 

"நீங்க பயப்படறது ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "டெஸ்ட் பண்ணிட்டேன், கர்ப்பம் கெடையாது. மலம் கட்டி வயிறு ஊதியிருக்கு. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது ஒழுங்கா வேல செய்யலன்னுதான் எனக்குத் தோணுது. உடம்பு முழுக்க மந்தமாயிடும். குளிரும், வீங்கும், முடி கொட்டும், மாசாமாசம் வர்றதும் நின்னு போகும். ரத்தம் அனுப்பியிருக்கேன், ரிசல்ட் வந்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்." கிளம்பியவர் திரும்பினார். "இத மொதல்லயே யார்கிட்டயாவது சொல்லியிருந்தா மொதல்லயே ரத்தம் எடுத்துப் பாத்திருப்பாங்க. அந்தப் பொண்ண எத்தன மாசம் கஷ்டப்படுத்தியிருக்கீங்க தெரியுமா?"

பின்னால் சொன்னது எதுவும் பொன்னாயியின் காதில் ஏறவில்லை. கர்ப்பம் கிடையாது என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "கரியராமா! எஞ்சாமி! என் தங்கம் சுத்தமானவ!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

வார்டு வாசலில் சிவரஞ்சனி கட்டிலை விட்டு இறங்கி வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பொன்னாயியின் சிரிப்பு நின்றது.

"அதான் நெனச்சினு இருந்தியாம்மா?" என்றாள் சிவரஞ்சனி.

"இல்லடி கண்ணு, அது வந்து..."

"சீக்காளிப் பொண்ணுன்னு ஊருல பேசுவாங்க, அதுக்குத்தான் மறைக்கிறேன்னு நெனச்சினு இருந்தேன். ஒனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான் அந்தக் குளுருல போய்ப் படுத்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். அந்தக் கரகரத்த குரலில் கோபம்கூட மெதுவாகத்தான் வந்தது. "யாரு கூடன்னு நெனச்ச?"

பஸ்ஸை நிறுத்திய வாய், தராசை நிறுத்திய வாய். ஒரு வார்த்தை வரவில்லை.

"சொல்லும்மா. யாரு கூட?"

 சிவரஞ்சனி உள்ளே போய்க் கட்டிலில் ஏறி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனை டாக்டரம்மா சொன்னதையே சொன்னது. தினமும் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் காப்பித் தண்ணிகூடக் கூடாது. ரொம்ப நாள் தின்ன வேண்டியிருக்கும், ஒருவேளை ஆயுசு முழுக்க. உடனே குணம் தெரியாது, நடுவில் நிறுத்தக் கூடாது, மாத்திரை அளவைச் சரிபார்க்க மறுபடி ரத்தம் எடுக்க வரவேண்டும். இதெல்லாம் கேட்டுக்கொண்டு மலை ஏறினார்கள்.

ஊரில் தங்கமணி என்ன சொன்னாளோ தெரியாது. யாரும் பொன்னாயியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை போடலாம் என்று காத்திருந்தவளுக்கு அதுவே தண்டனையாக இருந்தது.

வீட்டுக்குள் அதைவிட மோசம். சிவரஞ்சனி சண்டை போடவில்லை, பட்டினி கிடக்கவில்லை. "சோறு போடு", "பஸ்சு வந்துடும்", அவ்வளவுதான் பேச்சு. பொன்னாயி காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். மகள் அதைத் தாண்டிப் போய்ப் பானையிலிருந்து தானே தண்ணீர் மொண்டு, அட்டையிலிருந்து தானே பிதுக்கிப் போட்டுக்கொள்வாள். நாலைந்து தரம் பொன்னாயி பேச்சை ஆரம்பித்துப் பார்த்தாள். "நான் அன்னிக்கு..." என்பாள். மகள் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

மாசி போனது. வீக்கம் வடிய ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் தங்கமணி வீட்டு வாசலில் சிவரஞ்சனி சிரிக்கிற சத்தம் கேட்டது. பழைய சிரிப்பில் பாதி இருக்கும். பொன்னாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் சிரிப்பு திரும்பி வருகிறது, ஆனால் அடுத்த வீட்டுக்கு வருகிறது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் திரும்ப முறத்தை எடுத்துக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு நாள் கொல்லையில் கிழங்கு பிடுங்கிவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வந்தாள் பொன்னாயி. வீடு சாத்தியிருந்தது. மகளைக் காணோம். தங்கமணி வேலியோரம் வந்தாள்.

"ஒம்பொண்ணு கொட்டாய்க்குப் போயிருக்கா. ஆயிட்டாளாம். எங்கிட்ட சொல்லிட்டுதான் போனா."

எந்த ஒன்றுக்காகக் கரியராமரிடம் வேண்டினாளோ அது வந்துவிட்டது. அதை மகள் தன்னிடம் சொல்லவில்லை. பொன்னாயி உள்ளே போய்ச் சாமைச் சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். என்ன நினைத்தாளோ, தங்கமணியும் பின்னாலேயே வந்தாள்.

சிவரஞ்சனி கொட்டாய் வாசலுக்கு உட்புறம் பாய் போட்டு உட்கார்ந்து, கிடைத்த வெளிச்சத்தில் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் தையல் தழும்பு. பொன்னாயி பலகைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"இந்த வாட்டி நெசமாத்தான் வந்துருக்கேன்," என்றாள் மகள், தலையைத் தூக்காமல்.

"நான் ஒண்ணும் கேக்கலியேடி."

"நீ எப்பதான் கேட்ட?"

பொன்னாயி  வாழ்நாளில் யாரிடமும் பேசாத ஒரு சின்னக் குரலில் பேசினாள்.

"கேட்டுருக்கணும். ஒன்ன மடியில இழுத்துப் போட்டுக்கினு, இன்னாடி ஆச்சு ஒனக்குன்னு கேட்டுருக்கணும். நீ இன்னா சொல்லியிருந்தாலும் நீ எம்பொண்ணுதானே. அது அப்ப எனக்குப் புரியல. பயந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கேக்குறேன். குளுருதாடி?"

சிவரஞ்சனி புத்தகத்தை மூடினாள். 

"முன்ன மாதிரி இல்ல," என்றாள். "கொஞ்சம் குளுருது."

பொன்னாயி கிண்ணத்தைக் கல்லில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பவில்லை. கல்லைத் தாண்டிக் கொட்டாய்க்குள் போய், கம்பளியை விரித்து மகளின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். தையில் பாதியில் நின்ற கை இன்று போய்ச் சேர்ந்தது. நெற்றித் தழும்பைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள்.

"ஏ பொன்னாயி!" என்று தங்கமணி அங்கிருந்து கத்தினாள். "தொட்டுட்டியேடி! இன்னிக்கி வூட்டுக்கு வரமுடியாது நீ!"

"வர்ல அண்ணி," என்றாள் பொன்னாயி, தன் பழைய குரலில், ஊருக்கே கேட்கும்படி. "எனக்கும் சேத்து சோறு கொண்டாந்து கல்லுல வையி."

சிவரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயில் நகர்ந்து அம்மாவுக்கு இடம் விட்டாள்.